பழைய சாஃப்ட்வேரை மாற்றுவதா, சின்னதாக ஒன்றை வெளியிட்டுப் பார்ப்பதா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஜாப் ஒர்க் கணக்கை, அதாவது சாயம் போன்ற வேலைக்கு வெளியே அனுப்பும் துணியின் கணக்கை, இன்னும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் வைத்திருக்கிறது என்று கொள்வோம்.

யாருக்கு வேண்டும் என்றே தெரியாததைத்தான் அரைகுறையாக வெளியிட்டுப் பார்க்கலாம். துணி தயாரானதும் சாயப்பட்டறைக்காரர் மொபைலில் பதிவு செய்வாரா? இதை அறிய ஒரு பட்டறையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் போதும். புரோகிராம் எழுதவே வேண்டாம்.

சரக்கோடு அனுப்பும் சீட்டான டெலிவரி சலான் அப்படியல்ல. தேவை தெரிந்ததே. ஆபத்தெல்லாம் பழைய புரோகிராமுக்குள் புதைந்த விதிகளில்: லாட் (ஒரு தொகுதித் துணி) வாரியாகக் கிலோ, சாயத்தில் குறையும் எடை, ஓராண்டுக்குள் திரும்பாத சரக்குக்கு ஜிஎஸ்டி. பாதி வசதியோடு இறங்கினால் மாதக் கடைசியில் நிலுவை ஒத்துப்போகாது.

பெரிய அடி, டேட்டாவை எடுக்கும்போதுதான். ஃபாக்ஸ்ப்ரோ டேட்டா வைக்கும் டிபிஎஃப் ஃபைலில் அழித்த பதிவு உடனே போகாது, குறி மட்டும் விழும். அதைக் கவனிக்காமல் ஏற்றினால் ரத்தான சலான்கள் திரும்ப வந்துவிடும். நகல் எடுத்து, அந்த நகலில் குறி விழுந்த பதிவுகளை நிரந்தரமாக நீக்கும் 'பேக்' கட்டளை கொடுங்கள். மெமோ எனப்படும் நீளமான குறிப்புகள் எஃப்பிடி என்ற தனி ஃபைலில் கிடக்கும், அதை விட்டுவிடாதீர்கள். பழைய ஃபாண்டில் அடித்த தமிழ்ப் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

முதலில் சலானை மட்டும் மாற்றுங்கள். ஒரு முழு மாதம் பழையது, புதியது இரண்டிலும் பதிந்து, லாட் நிலுவையை ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் குடோனில் போய் எடை போட்டுப் பாருங்கள்.