ரிமோட் திணறிய ஞாயிறு

நகைச்சுவைக் காட்சி எழுதுபவர்கள் 2019 கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதிப் போட்டியை ஒருமுறை பார்க்க வேண்டும். ரன் அவுட்டுக்குப் பயந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் பாய்கிறார், நியூசிலாந்தின் கப்தில் எறிந்த பந்து ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடுகிறது, அவரோ கையைத் தூக்கிக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறார். கிடைத்தது 6 ரன்! அப்புறம் இரு அணிக்கும் 241, சமனை உடைக்க ஆளுக்கொரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவரிலும் 15-15, கடைசியில் யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பை. அந்த விதியை அதே ஆண்டில் தூக்கிவிட்டார்கள், சரி, நியூசிலாந்துக்கு என்ன லாபம்?

அதே நாள்தான் விம்பிள்டன் டென்னிஸ் இறுதிப் போட்டியில் ஃபெடரரும் ஜோகோவிச்சும் 4 மணி 57 நிமிடம் மோதினார்கள். நான் சேனலை மாற்றினால் போதும், விட்டு வந்த இடத்தில் ஏதாவது நடந்துவிடும். நடுவில் வீட்டில் வேறு, "ஏதாவது ஒன்று முடிந்ததும் குப்பையைக் கொட்டிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டுமே முடிகிற வழியாக இல்லை.