முகாமுக்கு ஆறு ஜெராக்ஸ்

சிறுகதை முகாமுக்கு இடம் கிடைத்துவிட்டது, என்ன எடுத்துப் போவது என்று தம்பி தங்கைகள் சிலர் கேட்கிறீர்கள். போர்வை, பென்சில், உங்கள் கதையின் ஆறு ஜெராக்ஸ். ஜெராக்ஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் போன மூன்று நாள் முகாம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. 18 பேர், குழுவுக்கு ஆறு பேர். ஒவ்வொருவர் கதையையும் குழுவில் எல்லோரும் படித்துவிட்டுப் பேச வேண்டும். பஸ்ஸில் தூங்கி வழிந்து இறங்கியதில் கதைப் பையை மேலேயே விட்டுவிட்டேன். மறுநாள் முதல் கதையே என்னுடையது. போனில் இருந்தது, ஆனால் ராத்திரி பத்தரைக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? அறையிலிருந்த திருவாரூர் அண்ணன் ஒரு ரூல்டு நோட்டைப் பிரித்தார். "நீங்க வாசிங்க தம்பி, நாங்க எழுதறோம்." இன்னும் இருவர் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்கள். பதினோரு பக்கம். நடுவில் கரண்ட் வேறு போய் வந்தது.

ஏழாம் பக்கத்தில் அண்ணன் எழுதுவதை நிறுத்தினார். "அத்தைதான் அடுப்பை அணைச்சிட்டாங்களே. அப்புறம் பால் எப்படிப் பொங்குது?"

எட்டு மாதம் திருத்திய கதை அது. எத்தனையோ பேர் படித்து "சூப்பர்" என்றிருந்தார்கள். கை வலிக்க எழுதியவருக்குத்தான் அந்த அடுப்பு கண்ணில் பட்டது.

ஆகவே மற்றவர் கதையை பென்சிலோடு படியுங்கள். "நல்லா இருக்கு" என்பதால் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த வரி மனதில் நின்றது, எந்த இடத்தில் பராக்குப் பார்த்தீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். அதற்குத்தான் ஜெராக்ஸில் 14 பாயின்ட் எழுத்தும் அகலமான ஓரமும் வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் தன் கதைகள் வெளிவந்த பத்திரிகைகளின் பட்டியலோடு வந்தார். பிறர் கதை ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கதைக்கு யாருக்கும் சொல்ல எதுவும் இருக்கவில்லை, பாவம்.

உங்கள் கதை பேசப்படும்போது வாயைத் திறக்காதீர்கள். அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய கிளாரியன் என்ற எழுத்துப் பட்டறையிலும் இதே வழக்கம்தான்: வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்வார்கள், எழுதியவருக்குக் கடைசியில்தான் முறை. கஷ்டம்தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமர்வு முடிந்ததும் அறைக்குள் போய்ப் படுத்துவிடாதீர்கள். பாதி முகாம் டீக்கடையில்தான் நடக்கும். இரண்டாம் நாள் மாலை காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா. பக்கம் போனது. 1940களின் தொடக்கத்தில் இதே ஊரில் அவரைச் சுற்றி தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு என்று எழுத்து ஆசையோடு இருபது வயதை ஒட்டிய பையன்கள். அவர்கள் எந்தக் கடையில் டீ குடித்திருப்பார்கள் என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம். (காபிதான் குடித்திருப்பார்கள் என்பது என் கட்சி.)

ஊர் திரும்பியதும் இருவரோடாவது கதைப் பரிமாற்றம் தொடரட்டும். வாட்ஸ்அப் குழு ஒரு மாதத்தில் காலை வணக்கத்துக்குப் போய்விடும், அதை நம்பாதீர்கள்.

போன மாதம் திருவாரூர் அண்ணன் ஒரு கதை அனுப்பினார். நோட்டில் எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் மஞ்சப்பையோடு கிளம்பிய மாமா ஐந்தாம் பக்கத்தில் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைகிறார். போன் பண்ணிக் கேட்டேன்.

"உங்களை மாதிரி பஸ்லயே விட்டுட்டாரு போல தம்பி" என்றார்.