கொரோலா 121: ஒட்டோ கியர் ஒயிலை மூன்று தவணையில் மாற்றிய குறிப்பு

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் நிற்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, 1500 சீசீ, நான்கு வேக ஒட்டோ கியர். மீற்றர் 1,80,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. எனக்கு முன் அதை வைத்திருந்தவருக்குக் கியர் ஒயில் எப்போதாவது மாற்றப்பட்டதா என்பதே தெரியவில்லை. ஆடி மாதத்தில் இருந்து காலையில் முதன்முறை வண்டியை எடுக்கும்போது, கியரைப் பீயில் (P, நிறுத்தம்) இருந்து டீக்கு (D, ஓட்டம்) இழுத்தால் ஏறக்குறைய 2 செக்கன் ஒன்றும் நடக்காமல் நின்று, பிறகு ஓர் உதறலோடு கியர் பிடிக்கத் தொடங்கியது. எஞ்சின் சூடான பின் இந்தத் தாமதம் இருக்கவில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்ட நாட்டில், இப்படியான ஒரு பழைய காரை நல்ல நிலையில் வைத்திருப்பதைவிட வேறு வழி எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இல்லை.

முதலில் கேட்ட இடத்தில் கிடைத்த பதில், "தம்பி, ஒட்டோ கியரிலை கை வைக்காதையுங்கோ, ஒயில் மாத்தினால் கியர் போயிடும்" என்பதுதான். இந்த அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஒட்டோ கியர் ஒயில் பற்சக்கரங்களுக்கு வழுக்கல் கொடுப்பதோடு நிற்பதில்லை. அதன் அழுத்தமே கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது, அதன் உராய்வுத் தன்மையே அந்தத் தட்டுகள் எவ்வளவு இதமாகப் பிடிக்கின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கத் தொடங்கிய கியர்பொக்ஸில் எந்தப் புது ஒயிலும் தேய்ந்ததைத் திருப்பித் தராது. அந்த நிலையில் ஒயிலை மாற்றிச் சில நாட்களில் வண்டி நின்றால் பழி புது ஒயில் மீது விழுகிறது. ஆகவே முதலில் நான் பார்த்தது என் வண்டி வழுக்குகிறதா என்பதையே. இரணைமடுச் சந்தியில் இருந்து முறிகண்டி வரை ஏ9 வீதியில் ஓட்டியபோது, எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறாமல் நின்ற கணம் ஒன்றுகூட இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, அங்கேயே கியர் ஒயிலின் மட்டத்தைக் காட்டும் அளவுகோலை உருவி ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டேன். கறுப்புத் தேநீரின் நிறம். ஆனால் கருகிய நாற்றம் இல்லை, விரல்களுக்கிடையில் தேய்த்தபோது துகளும் தட்டுப்படவில்லை. மாற்றலாம் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

இயந்திரம் பூட்டி முழு ஒயிலையும் ஒரே முறையில் தள்ளி எடுக்கும் முறையை நான் விரும்பவில்லை. நீண்ட காலம் மாற்றாத கியர்பொக்ஸில் படிந்திருக்கும் அழுக்கை ஒரேயடியாகக் கிளப்பி, வால்வுகளின் நுண்ணிய பாதைகளுக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கீழ் நட்டைக் கழற்றித் தானாக வடிவதை மட்டும் எடுத்து, அதே அளவை ஊற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடி, மறுபடியும் வடிப்பது என்று தீர்மானித்தேன்.

ஒயில் தெரிவில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. இந்தக் கியர்பொக்ஸுக்கு உரியது டொயோட்டா ரி-4 வகை. பின்னாளில் வந்த டபிள்யூஎஸ் வகை இதைவிட மெல்லியது, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. சீவீரீ (CVT) எனப்படும், படிப்படியான வேகங்கள் இல்லாத கியருக்கான ஒயில் முற்றிலும் வேறு. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று கடையில் சொன்னாலும் கேட்கவேண்டாம், அந்தச் சிவப்பு வெறும் சாயம். உராய்வைச் சீராக்கும் சேர்மானங்களில்தான் வேறுபாடு இருக்கிறது. அவை எவ்வளவு முக்கியம் என்றால், 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த ஒயிலுக்குத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். திமிங்கிலப் பொருட்களுக்குத் தடை வந்தபின் அதற்கு ஈடான சேர்மானத்தைக் கண்டுபிடிக்கக் கடுமையாக உழைக்க வேண்டியிருந்தது. நான் 4 லீற்றர் தகரங்கள் மூன்று வாங்கினேன்.

ஆவணியில் இங்கே சோளகம் அடித்தால் முற்றத்துச் செம்மண் முழுவதும் காற்றில்தான் இருக்கும். கியர்பொக்ஸின் அடிப்பகுதியைத் திறந்து வைத்திருக்கும்போது ஒரு கைப்பிடித் தூசி உள்ளே போனால் செய்த வேலை எல்லாம் வீண். அதனால் காற்று எழும்பாத விடியற்காலை 5.30க்குத் தொடங்கினேன். முதல்நாள் மாலையே முற்றத்தில் தண்ணீர் தெளித்து, வண்டியின் அடியையும் துணியால் துடைத்து வைத்திருந்தேன். ஜக் மட்டும் போட்டு வண்டிக்குக் கீழே போகக்கூடாது. நான்கு சக்கரங்களின் பக்கமும் சமமான உயரத்துக்கு அறுத்த பாலை மரக் குற்றிகளைக் கொடுத்து, வண்டியை உலுப்பிப் பார்த்த பின்பே உள்ளே போனேன்.

கியர்பொக்ஸின் நட்டு 10 மில்லிமீற்றர் அலன் கீ கொண்டு கழற்றுவது. எஞ்சின் ஒயில் நட்டின் தலை சாதாரண அறுகோணம். இரண்டும் அருகருகே இருப்பதால் குழம்பி, எஞ்சின் ஒயிலை வடித்துவிட்டுக் கியர்பொக்ஸில் மேலும் ஊற்றியவர்கள் உண்டு. எந்த நட்டு என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கீயைப் போட்டேன். நட்டு வழியாக 2.9 லீற்றர் வடிந்தது. பிறகு கியர்பொக்ஸின் அடியில் பூட்டியிருக்கும் ஒயில் தட்டான 'பான்' என்பதைக் கழற்றியபோது அதன் அடியில் தேங்கியிருந்த 400 மில்லிலீற்றரும் வந்தது. இரண்டையும் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்து குறித்துக்கொண்டேன்.

பானுக்குள் இரும்புத் துகளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தங்களைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் மிக முக்கியமான கட்டம் என்பது என் கருத்து. காந்தத்தின் மேல் குளத்துச் சேற்றைப் போல ஒரு கருஞ்சாம்பல் பசை, பெருவிரல் நகத்தின் தடிப்புக்குப் படிந்திருந்தது. விரலால் வழித்துத் தாளில் பரப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மினுக்கம் இருந்தது, ஆனால் எல்லாம் மாவு. நகத்தில் தட்டுப்படும் சீவலோ செதிலோ இருந்திருந்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்தியிருப்பேன். பானையும் காந்தங்களையும் பெற்றோலில் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, ஒயில் வடியையும் (ஃபில்டர்), விளிம்பில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட்டையும் புதிதாகப் போட்டேன். பான் போல்ட்டுகள் அலுமினியத்துக்குள் ஏறுபவை. பெரிய ஸ்பனரால் வலித்து இறுக்கினால் புரி போய்விடும். குறுக்கும் மறுக்குமாக, சிறிய ராச்செட்டில் இரண்டு விரல் பலத்தோடு, மூன்று சுற்றில் இறுக்கினேன்.

அளவுகோல் குழாயில் நீண்ட புனல் வைத்து 3.3 லீற்றர் ஊற்றினேன். இங்கேதான் தவறு செய்தேன். எஞ்சினை எழுப்பி, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் கியரைக் கொண்டுபோய்ப் பீக்கு வந்து பார்த்தபோது, ஒயில் 'சூடு' என்ற குறிக்குக் கீழே நின்றது. ஒயில் இன்னும் குளிராக இருக்கிறது, குளிர்ந்த அளவுக்கு வேறு குறி இருக்கிறது என்பதை அவசரத்தில் மறந்து மேலும் 400 மில்லிலீற்றர் ஊற்றிவிட்டேன். பரந்தன் வரை போய்த் திரும்பிப் பார்த்தால் மேற்குறியைத் தாண்டி நிற்கிறது. அளவு மிகுந்தால் சுழலும் பாகங்கள் ஒயிலை நுரையாக்கும். நுரைக்குள் காற்று இருப்பதால் அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும். மாட்டு வைத்தியத்துக்குப் பாவிக்கும் பெரிய ஊசிக்குழலில் ஒரு சேலைன் குழாயைப் பொருத்தி, அளவுகோல் குழாய் வழியாகவே மிகுதியை உறிஞ்சி எடுத்தேன். சரியான அளவு, ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதரையில் பார்ப்பதே.

இரண்டாவது தவணை 500 கிலோமீற்றர் கழித்து, மூன்றாவது அதிலிருந்து இன்னொரு 500 கழித்து. இவற்றுக்குப் பானைக் கழற்றவில்லை. ஒவ்வொரு முறையும் 2.9 லீற்றர், அரை மணிநேர வேலை. கியர்பொக்ஸ் மொத்தமாக ஏறத்தாழ 7 லீற்றர் கொள்வதாக எடுத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பின் 47 வீதமும், இரண்டாவதற்குப் பின் 69 வீதமும், மூன்றாவதற்குப் பின் 82 வீதமும் புது ஒயில். நான்காவது முறை செய்தால் 89 வரும். அந்த 7 வீதத்துக்காக மேலும் 2.9 லீற்றர் செலவழிப்பதில் பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வடித்த 9 லீற்றர் பழைய ஒயிலை வேலிக் கட்டைகளுக்குக் கறையான் பிடிக்காமல் பூசக் கேட்டார்கள். எங்கள் கிணறு வேலியில் இருந்து பதினைந்து அடி தள்ளித்தான் இருக்கிறது. மாரி மழையில் அது எங்கே போகும் என்பதை நினைத்து மறுத்துவிட்டு, பழைய ஒயில் சேகரிக்கும் சேவிஸ் நிலையத்தில் கொடுத்தேன்.

முதல் தவணைக்குப் பின் தாமதத்தில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவதற்குப் பின் உதறல் நின்றது. மூன்றாவது முடிந்து இன்றைக்கு 800 கிலோமீற்றர் ஓடியாயிற்று. காலையில் டீக்கு இழுத்து மணிக்கூட்டைப் பார்த்தால் ஒரு செக்கனுக்குள் பிடிக்கிறது. மாங்குளம் போய் வந்து சூட்டோடு உருவிய அளவுகோலில் ஒயில் மேற்குறிக்குச் சற்றுக் கீழே, மாதுளஞ் சாற்று நிறத்தில் நிற்கிறது. பான் விளிம்பில் கசிவு இல்லை. 40,000 கிலோமீற்றர் கழித்து ஒரு தவணை வடிப்பதாகக் குறித்து, அந்தத் தாளைப் பொனட்டின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.