அழித்த இடம்

“சங்கிலி எப்படியம்மா இசையாகும்?” என்றுதான் அந்த மாணவியிடம் கேட்டேன். அதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்தது வகுப்பு. அந்தச் சிரிப்பு அவளைச் சுடுவதற்குள் பேச்சை மாற்ற நினைத்தேன். இரண்டு மாதமாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அன்று ஒரு படக்கதைப் புத்தகம் வாசித்தேன். சொட்டும் குழாய், மாடிப்படி, ரயில் என்று வழியெல்லாம் ஒரு சிறுவனுக்குத் தாளம் கேட்கிறது. அதில் வரும் ஊர் மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் போல் இல்லை. அதனால் நம் பக்கத்து ஓசைகளை நானே சேர்த்துக்கொண்டேன்: ஆலைச் சங்கு, ரப்பர் பால்வெட்டு உளி தீட்டுவது, எண்ணெய் தரும் செம்பனையின் மட்டை சரசரவென்று சரிந்ததும் 20 கிலோ குலை ‘தொம்’மென்று மண்ணில் விழுவது. பிள்ளைகள் மேசையில் தட்டிக் காட்டினார்கள். ஒருவன் உருமி மேளமே வாசித்துவிட்டான். பிறகு, வீட்டில் கேட்கும் இசையை ஒரு வரியில் எழுதச் சொன்னேன்.

‘ராத்திரி அப்பா வந்து கேட் சங்கிலியைக் கழற்றும் இசை’ என்று அவள் எழுதியிருந்தாள்.

என் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. “பறவை மாதிரி வேறு ஏதாவது யோசித்துப் பார்” என்றேன். அழிப்பானை எடுத்தாள்.

ஓசைக்கும் இசைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தருவது ஆசிரியர் வேலைதானே? பாடவேளையோ அரை மணி நேரம். இதெல்லாம் உண்மை. ஆனால் குலை விழுவது இசை என்றவளும் நானேதான். அது நான் சொன்னது, இது அவள் சொன்னது. வேறு வேறுபாடு எதுவும் எனக்கு அகப்படவில்லை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருளில், அதாவது அந்த நிலத்துக்கே உரியவற்றில், பறையையும் யாழையும் சேர்க்கிறது. வயல் நிலமான மருதத்துக்கு நெல்லரிகிணை என்பார்கள்; நெல் அறுக்கும் இடத்தில் முழங்கும் பறை. பயிற்சிக் காலத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். வேலையும் வீடும் இருக்கிற இடத்தில்தான் இசையும் இருக்கும் என்பதை அப்போதே படித்தவள், ஒரு சங்கிலி முன்னால் வந்ததும் குயிலைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

குயில் என்றே எழுதினாள், பக்கத்து மேசைப் பையனைப் பார்த்து. பென்சிலை அழுத்தி எழுதுகிற பிள்ளை. அந்தப் பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பிடித்தால், குயிலுக்கு அடியில் ‘சங்கிலி’ பள்ளமாகத் தெரிகிறது. ‘மிக நன்று’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அந்த அப்பா தினமும் வருகிறவரா, எப்போதாவது வருகிறவரா என்றுகூடக் கேட்கவில்லை. நேற்று கேட்டுவிடுவது என்று அவளை அழைத்தேன். “அப்பா...” என்று தொடங்கியவள், “அப்பாவிடம் கையெழுத்து வாங்கினாயா?” என்று முடித்துவிட்டேன்.

“அம்மா போட்டார்கள், டீச்சர்” என்றாள்.