பூக்குழியில் மழைத் தண்ணீர்

ஆடி அமாவாசைக்குப் பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயிலுக்குப் போகலாம் என்று சொன்னது நான் இல்லை, என் மருமகள். அவள் பர்மியப் பெண், புத்தரைக் கும்பிடுகிறவள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, என் மகன் மலேசியா போய்விட்டான். 2024 தொடக்கத்தில், கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்து எங்கள் தெருவில் வயசுப் பையன்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிய அதே மாதங்களில்தான் அவனும் கிளம்பினான். அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "அம்மே, பாட்டி தீ மிதிச்ச கோயிலுக்குப் போவோமா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள். பாட்டி என்றது என் அம்மாவை. சரி என்றேன்.

யாங்கோனிலிருந்து பகோ ஆற்றைத் தாண்டினால் தான்லின், கோயில் அங்கேதான். எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னும் சிரியம்தான். பாலம் வந்தது 1993இல். அதற்கு முன்னால் ஆற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும். அம்மா சொல்லும் திருவிழாக் கதைகள் எல்லாமே படகில்தான் தொடங்கும்: யாருக்கு வாந்தி வந்தது, யார் செருப்பை ஆற்றில் விட்டார்கள் என்று கோயில் வாசலுக்கு வரவே அரை மணி நேரம் ஆகும். சௌக்தானில் ஆற்று நடுவே இருக்கும் ஏலே பகோடாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே பஸ்தான். அன்று எங்கள் பின்சீட்டில் இருந்த பர்மியக் குடும்பம் இரண்டு இடத்துக்கும் போவதாகச் சொன்னது. இங்கே அது ஒன்றும் புதிதில்லை. அங்காளியிடம் வந்து மண்டியிட்டுக் கும்பிடும் பர்மியர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன்.

மழை விடவே இல்லை. குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு உள்ளே போனோம். மருமகள் தன் வழக்கப்படி நடுவில் தேங்காயும் சுற்றிலும் வாழைச்சீப்புமாகத் தட்டு வைத்திருந்தாள், மேலே பர்மியர்கள் பூஜைக்கு வைக்கும் தபியே தழை ஒரு கொத்து. நான் எலுமிச்சை மாலையும் குங்குமமும். அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வெளியே வந்தபோது, "பாட்டி எங்கே நடந்தாங்க?" என்று கேட்டாள்.

பங்குனியில் கனல் கொட்டி, பார்க்கிறவர்கள் முகமே சுடும் இடம். அன்று அதில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. ஓரத்தில் இரண்டு தவளைகள். மருமகள் என்னைப் பார்த்தாள், நான் தவளைகளைப் பார்த்தேன்.

அங்கே நின்றுதான் அவளுக்கு அம்மாவின் கதையை முழுசாகச் சொன்னேன்.

1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது தாத்தாவின் மளிகைக் கடையும் போனது. மே 17ஆம் தேதி 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா மெத்தைக்கு அடியில் வைத்திருந்தது முழுக்க அந்த நோட்டுகள்தான். சென்னைக்குப் போன கப்பல்களில் ஒன்றில் மாமா முதலில் போய் இடம் பார்ப்பது, மற்றவர்கள் பின்னால் போவது என்று முடிவானது. மாமாவுக்கு 20 வயது, அம்மாவுக்கு 14. துறைமுகத்தில் அம்மாவின் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அடுத்த மழைக்காலத்திலேயே தாத்தா இறந்துவிட்டார். என் பாட்டிக்குக் கப்பல் ஏறத் தெம்பில்லை. பயணம் நின்றது, அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம்.

அப்போது அம்மா இங்கே வந்து வேண்டிக்கொண்டது இது: "அண்ணன் இந்த மண்ணில் காலை வைக்கட்டும் தாயே, நான் உன் பூக்குழியில் காலை வைக்கிறேன்."

மாமாவுக்குச் சென்னை ஒட்டவில்லை. பர்மாவிலிருந்து போன பலருக்கு அப்படித்தான். மணிப்பூர் வழியாக நடந்தாவது பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பிய கூட்டத்தோடு அவரும் சேர்ந்தார். எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போக மனமில்லாமல் அவர்கள் இந்தியப் பக்கத்து மோரேயிலேயே குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அங்கேயும் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள், இன்று அது பெரிய கோயில். அதாவது, "அண்ணன் எப்ப வருவான்" என்று அம்மா இங்கே விளக்கேற்றிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், மாமா எல்லைக் கோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அதே தாயிடம் உட்கார்ந்திருந்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் முதலில் வரும், பக்தி அப்புறம்தான்.

வியாபாரிகள் கையில் அவ்வப்போது கடிதம் வந்துகொண்டிருந்தது. 1990 வாக்கில் நகரத்தின் நடுவிலிருந்து எங்களைப் புதிய டகோன் பக்கம் இடம் மாற்றினார்கள். பழைய விலாசத்தோடு அந்தத் தொடர்பும் போனது. அம்மா அமாவாசை தவறாமல் விளக்கு மட்டும் ஏற்றினாள். "இன்னுமா?" என்று நான் கேட்டால், "அவ கணக்கு வேற, நம்ம கணக்கு வேற" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

2014இல்தான் எங்களைப் போன்றவர்கள் கைக்குப் போன் வந்தது. அதற்கு முன் சிம் கார்டு என்பது பணக்காரர்கள் சமாசாரம். திடீரென்று 1,500 சாட்டுக்குக் கிடைத்தது. என் மகன் அதை வாங்கி, முகநூலில் மோரே தமிழர்களைத் தேடித் தேடி, மாமாவின் பேரனைப் பிடித்துவிட்டான்.

2016இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாந்தலே, மோனிவா, கலே என்று பஸ் மாறி மாறி எல்லை ஊரான தாமு போய்ச் சேர்ந்தோம். அப்போதெல்லாம் மோரேக்காரர்கள் பகலில் சீட்டு வாங்கிக்கொண்டு எல்லைக் கேட்டைத் தாண்டி இந்தப் பக்கத்து நம்பாலோங் சந்தைக்கு வந்து போக முடிந்தது. அம்மா ஒரு பாட்டில் பலாச்சானை, காய்ந்த இறாலை வறுத்துச் செய்யும் பர்மியத் தொக்கு அது, மடியிலேயே வைத்துக்கொண்டு சந்தை முனையில் உட்கார்ந்திருந்தாள். வந்த கிழவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை, லுங்கியைப் பார்த்தாள். ஒருவர் மட்டும் பர்மியக்காரர்கள் போல முன்பக்கம் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். "அவன்தான்" என்று எழுந்தாள். இந்தியாவில் 50 வருஷம் இருந்தும் மாமா அந்த முடிச்சை மாற்றவில்லை.

அழுகை எல்லாம் கொஞ்ச நேரம்தான். மாமா பாட்டிலைத் திறந்து விரலால் பலாச்சானை வழித்துச் சாப்பிட்டார். அம்மா அதட்டினாள், "அப்படியே திங்காதடா, வயிறு எரியும்." அவளுக்கு 66, அவருக்கு 72. கேட் மூடுகிற நேரமானதும் மாமா எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அவர் காலமான செய்தி வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், அங்காளி ஏமாற்றிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன், 52 வருஷத்துக்கு ஒரு பகலா என்று. அம்மா வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "மண்ணுல கால் வெச்சுட்டான்ல? இந்தப் பங்குனிக்கு நான் இறங்கணும்." முழங்கால் வலிக்காரி. டாக்டர் வேண்டாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். 2017 பங்குனியில் மஞ்சள் சேலையோடு இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் மறுபக்கம் ஏறினாள். அப்புறம் பாலில் கால் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நேர்த்திக்கடன் வைக்கும்போது வார்த்தையைப் பார்த்து வைடி. அவன் காலை வைக்கணும்னுதான் நான் கேட்டேன், தங்கணும்னு கேக்கல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் போய் இப்போது நாலைந்து வருஷமாகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மருமகள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு வேண்டுதலைத் தயாராக வைத்திருந்தேன்: அடுத்த பங்குனிக்குள் மகன் வந்துவிட வேண்டும், வந்தால் நான் தீ மிதிக்கிறேன். மறுபடி சந்நிதிக்குப் போய் நின்றேன். வாய்வரை வந்தது. அடுத்த பங்குனிக்குள் வந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். தேதியை விழுங்கிவிட்டேன். அவன் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னேன், கூட ஒன்றும் சொல்ல வரவில்லை.

பக்கத்தில் மருமகள் மண்டியிட்டு, கை கூப்பி, பர்மிய மொழியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், கேட்டேன். அவர் வரலாம் என்ற காலம் வந்த பிறகு வரட்டும். வந்தால் ஒரு நாளுக்கு இல்லை. கேட் வரைக்கும் இல்லை, வீட்டுக்குள். சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு இல்லை, இருப்பதற்கு. இடையில் நிறுத்தி, ஏதாவது விட்டுப்போயிற்றா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மேயும் இருக்கும்போதே," என்று தமிழில் சேர்த்துக்கொண்டு, தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டாள்.