பட்டன் போன் நாட்குறிப்பு

ஜனவரி 6

செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேமராவையும் நிறத்தையும் விட முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த நெட்வொர்க்கில் பேசும் என்பதை. 2ஜி மட்டும் பிடிக்கும் செட், 2ஜியை மூடிவிட்ட நாட்டில் வெறும் டார்ச் லைட்தான். ஜப்பான் 2012இலேயே மூடிவிட்டது, ஆஸ்திரேலியா 2018இல். பெட்டியில் 4ஜி என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. பேச்சும் 4ஜி வழியாகவே போக வோல்டி (VoLTE) என்ற வசதி வேண்டும். அது இல்லாத செட் அழைப்பு வந்ததும் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கப் பார்க்கும். இரண்டும் இல்லாத ஊரில் டவர் முழுதாகக் காட்டும், ஆனால் மணி அடிக்காது.

ஜனவரி 7

நானோ சிம்மின் அளவு 12.3 × 8.8 மி.மீ. பழைய பெரிய சிம் 25 × 15. பெரிய துளை உள்ள செட்டில் நானோ சிம்மை அடாப்டர் சட்டம் போட்டுத்தான் பொருத்த வேண்டும், அங்கேதான் விபத்து. சிம் இல்லாத வெறும் சட்டத்தை உள்ளே தள்ளினால், வெளியே இழுக்கும்போது அதன் ஓட்டையில் சிம் துளையிலுள்ள உலோகப் பின்கள் மாட்டி நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த பின்னை ஊசியால் சரிசெய்யப் பார்த்தால் பெரும்பாலும் ஒடியும். சிம்மைச் சட்டத்தில் வைத்து, செம்புப் பக்கத்தைத் தொடாமல் முதுகுப்புறம் மெல்லிய டேப் ஒன்று ஒட்டியபின் நுழைப்பதே நல்லது. இன்னும் நல்லது, சிம் நிறுவனத்திடம் சரியான அளவில் மாற்றி வாங்கிக்கொள்வது.

ஜனவரி 9

பழைய போனிலிருந்து எண்களைப் புது செட்டுக்கு மாற்றும் நாள். சிம்மில் சாதாரணமாக 250 பெயர்கள் அடங்கும். ஒரு பெயருக்கு ஒரே எண். பெயர் நீண்டால் வால் வெட்டுப்படும், தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம். ஸ்மார்ட்போனிலிருந்து விசிஎஃப் என்ற பெயர்-எண் கோப்பாக எடுத்து மெமரி கார்டு அல்லது புளூடூத் வழியாகக் கொண்டுவருவது சிம்மில் நகலெடுப்பதைவிட மேல். எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் ஏற்றாமல் முதலில் ஐந்தை ஏற்றிப் பார்க்கவும். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றியபின் மீதியை ஏற்றலாம்.

ஜனவரி 12

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து. தமிழ் கலந்துவிட்டால் ஒவ்வொரு குறியும் 16 பிட், ஆக 70தான். இதில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. 'நாளை காலை வருகிறேன்' இடைவெளிகளோடு 19. 70ஐத் தாண்டியதும் செய்தி துண்டாகும். துண்டுகளைத் திரும்ப ஒட்டும் தகவலுக்கும் இடம் போவதால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் மிஞ்சும். ஆங்கிலச் செய்தி நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் செருகினாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்றால் இது கவனிக்க வேண்டிய சங்கதி.

ஜனவரி 15

மெனுவில் தேடி அலையாமல் விரலிலேயே வைத்துக்கொள்ள வேண்டியவை சில. *#06# அடித்தால் செட்டின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். செட் தொலைவதற்கு முன்பே தாளில் குறித்து வைக்கவும். *#21# அழைப்புகள் வேறெங்காவது திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# எல்லாத் திருப்பல்களையும் ரத்து செய்யும். பல செட்களில் பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் பிளஸ் குறி. நட்சத்திரப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பல செட்களில் ஆங்கில 'பி' வரும். அது சிறு இடைநிறுத்தம். எண்ணுக்குப் பின் அதைப் போட்டு நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) எண்ணையும் சேர்த்துச் சேமித்தால், அழைப்பு இணைந்ததும் அதுவே அடித்துக்கொள்ளும்.

சிம்மின் ரகசிய எண்ணை (PIN) மூன்று முறை தவறாக அடித்தால், பூட்டைத் திறக்கும் பக் (PUK) எண் கேட்கும். அதைப் பத்து முறை தவறவிட்டால் சிம்மைக் குப்பையில் போடலாம்.

ஜனவரி 21

பேட்டரி. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

2003இல் வந்து 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100இல் இருந்த பிஎல்-5சி என்ற பேட்டரி வடிவம்தான் இன்றும் பல நிறுவனங்களின் பட்டன் போன்களில் உட்கார்ந்திருக்கிறது. 3.7 வோல்ட், சுமார் 1000 மில்லியாம்பியர்-மணி. அதே அளவு பெட்டியில் 2400 என்று அச்சடித்திருந்தால் அது போலி. அந்த இடத்தில் அவ்வளவு அடங்காது.

முனைகள் மூன்று: ஓரங்களில் பிளஸ், மைனஸ். நடுவில் இருப்பது, எந்த பேட்டரி என்று போனுக்குச் சொல்லும் முனை. நடுமுனையில் அழுக்கு சேர்ந்தால் பேட்டரி நன்றாக இருந்தும் 'சார்ஜ் ஆகவில்லை' என்று காட்டும், சில செட்கள் ஆன் ஆகவே மறுக்கும். பென்சில் ரப்பரால் பேட்டரியின் முனைகளை இரண்டு தேய்ப்பு, துகளை ஊதிவிட்டால் சரி. போன் பக்கத்து ஸ்பிரிங் பின்களில் ரப்பர் வேண்டாம், உலர்ந்த துணி நுனி போதும். லேசாகத் தட்டினாலே அணைகிறது என்றால் பின்கள் தளர்ந்திருக்கின்றன. பேட்டரியின் எதிர்முனையில் நான்காக மடித்த காகிதத்தைச் செருகினால் அது பின்களோடு அழுந்தி உட்காரும்.

உப்பல் சோதனை: பேட்டரியைக் கழற்றி கண்ணாடி மேல் படுக்க வைத்து விரலால் சுண்டவும். தட்டையானது உரசிக்கொண்டு கால் சுற்றிலேயே நிற்கும். உப்பியது வயிற்றின் மேல் பம்பரமாகச் சுற்றும். சுற்றினால் அன்றோடு அதன் வேலை முடிந்தது. அழுத்தித் தட்டையாக்குவதும் குத்திக் காற்றை இறக்குவதும் தீயில் முடியும்.

டைப்-சி துளை உள்ள மலிவு செட் சார்ஜ் ஏறவில்லையா? இரு முனையும் டைப்-சி ஆன கேபிள் என்றால் அதை மாற்றிப் பார்க்கவும். அந்தக் கேபிள் வழியே மின்சாரம் கேட்க போனுக்குள் இரண்டு சிறு ரெசிஸ்டர் வேண்டும். பல செட்களில் அதை வைப்பதில்லை. ஒரு முனை பழைய பெரிய யுஎஸ்பியாக உள்ள கேபிளில் அதே போன் ஏறும்.

ஜனவரி 24

டவர் இல்லாத இரும்பு அலமாரிக்குள் போனை வைத்தால் காலையில் பேட்டரி பாதி. சிக்னலைத் தேடித் தேடியே தீர்த்துவிடும். பேசும்போதும் இதே கதைதான்: 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியில் செட் 2 வாட் வரை சக்தி ஏற்றும், டவர் பக்கத்தில் இருந்தால் அதில் மிகச் சிறு பங்கே போதும்.

பிப்ரவரி 2

கீபேட். பட்டனுக்கு அடியில், ஒட்டும் தாளின் கீழ், மிளகளவு உலோகக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அதற்கும் கீழே போர்டில் தங்க முலாம் பூசிய ஒரு வளையம், நடுவே ஒரு புள்ளி. அழுத்தினால் கிண்ணம் 'டிக்' என்று அமுங்கி வளையத்தையும் புள்ளியையும் இணைக்கும். 'டிக்' கேட்டும் எண் விழவில்லை என்றால் இடையில் அழுக்குப் படலம். 'டிக்'கே இல்லை என்றால் கிண்ணம் சோர்ந்துவிட்டது, தாளோடு மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்ய: பேட்டரியையும் சிம்மையும் எடுத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றவும். கிண்ணத் தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்கவும்; மடங்கினால் கிண்ணங்கள் இடம் பெயரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்குக் குறையாமல், பட்ஸில் தொட்டு வளையங்களையும் கிண்ணங்களின் உட்புறத்தையும் துடைக்கவும். ஐந்து நிமிடம் காயவிட்டுத் திரும்ப ஒட்டவும். இங்கே ரப்பர் போட்டுத் தேய்த்தால் தங்க முலாம் போய்விடும்.

திறப்பதற்கு முன் ஒன்று பார்க்கவும். ஒரே ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்றால் அழுக்கு. மூன்று நான்கு பட்டன்கள் ஒரே நாளில் சேர்ந்து படுத்துவிட்டால் அழுக்கு அல்ல. பட்டன்கள் கிடைவரிசை, நெடுவரிசை என்று கம்பி பகிர்ந்துகொள்பவை, அதில் ஒரு தடம் அறுந்திருக்கிறது. ஆல்கஹாலுக்கு அது மசியாது, சால்டரிங் வேலை.

பிப்ரவரி 5

கீழே விழுந்து மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறித்தால் பதற வேண்டாம். விழுந்த வேகம் அப்படிப் பிரிந்து போவதால்தான் போர்டு தப்பிக்கிறது. பொருத்தி ஆன் செய்ததும் தேதியைப் பார்க்கவும். பல செட்களில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. பழைய தேதிக்குப் போய்விட்டால் மறுநாள் அலாரம் ஏமாற்றும்.

பிப்ரவரி 11

எதிர்பார்த்த ஓடிபி வரவில்லை என்றால் நெட்வொர்க்கைத் திட்டும் முன் இன்பாக்ஸைத் திறக்கவும். நிரம்பிவிட்டால் புதிய செய்தி வெளியிலேயே நிற்கும். பத்து பழைய செய்திகளை அழித்தால் காத்திருந்தவை வரிசையாக வந்து விழும், காலாவதியான ஓடிபியும் சேர்த்து.