ரூபியில் வினை பின்னால் வருகிறது

ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ரூபி என்னும் நிரல்மொழியை இரண்டு மாதங்களாகக் கற்று வருகிறேன். அதற்கு முன் சி மொழியும் பைத்தானும் ஓரளவு பழகியிருந்தேன். ரூபியில் என் மனத்தை முதலில் ஈர்த்தது அதன் சொல்வரிசையே.

ஒரு பட்டியலின் நீளத்தை அறியப் பைத்தானில் 'லென்' என்று தொடங்கி, பட்டியலை அடைப்புக்குறிக்குள் தருகிறோம். ரூபியில் பட்டியலை முன்னால் எழுதி, புள்ளி வைத்து, 'லெங்த்' என்று முடிக்கிறோம். 'மதிப்பெண்களை வரிசைப்படுத்திக் கடைசி மூன்றை எடு' என்று நாம் வாயால் சொல்லும் அதே ஒழுங்கில், மதிப்பெண்கள், 'சார்ட்', 'லாஸ்ட்' ஆகியவை புள்ளிகளால் கோக்கப்பட்டு ஒரே வரியில் அமைந்துவிடுகின்றன. செயப்படுபொருளைச் சொல்லிவிட்டு வினைக்கு வரும் தமிழ் வாக்கியத்தில் வளர்ந்த எனக்கு, நிரலை இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் படிக்க முடிந்தது பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

பட்டியலைப் போலவே எண்ணும் இங்கே புள்ளி வைத்து வினை சேர்க்கக்கூடிய ஒரு பொருள்தான். 3 என்று எழுதி, புள்ளி வைத்து, 'டைம்ஸ்' சேர்த்து, 'டூ' என்பதற்கும் 'எண்ட்' என்பதற்கும் நடுவில் ஒரு வேலையைச் சொன்னால் அது மூன்று முறை நடக்கும். அந்த நடுப்பகுதிக்குப் பிளாக் என்று பெயர். 'செலக்ட்' என்ற வினையிடம் 'மதிப்பெண் 35க்குக் குறையாமல் உள்ளதா' என்று கேட்கும் பிளாக்கைக் கொடுத்தால், தேறியவர்களின் மதிப்பெண்கள் மட்டும் புதிய பட்டியலாகக் கிடைக்கும். மூலப் பட்டியல் அப்படியே இருக்கும். பிளாக்கைப் புரிந்துகொண்ட அன்றுதான் எனக்கு ரூபி பிடிபட்டது.

இடறிய இடமும் உண்டு. வீட்டுக் கணக்குக்காக எழுதிய நிரலில், பாக்கித் தொகை பூச்சியமானால் நிபந்தனை பொய்யாகிவிடும் என்று சி மொழிப் பழக்கத்தில் நம்பிவிட்டேன். கடனை முழுவதும் அடைத்தவர்களின் பெயருக்கு எதிரிலும் 'பாக்கி உண்டு' என்றே வந்தது. ரூபியில் 'எதுவும் இல்லை' என்று பொருள்படும் 'நில்', 'பொய்' என்று பொருள்படும் 'ஃபால்ஸ்' ஆகிய இரண்டு மட்டுமே பொய், பூச்சியம் மெய். தொகைக்குப் பின்னால் 'பாசிட்டிவ்' என்று எழுதி, ஒரு கேள்விக்குறியும் இட்ட பிறகு கணக்கு நேரானது. கேள்வி கேட்கும் வினையின் பெயரிலேயே கேள்விக்குறி இருப்பது எவ்வளவு பொருத்தம்!

தமிழ் எழுத்துகளிலும் சோதித்துப் பார்த்தேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வருகிறது. ஏனெனில் எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' என்ற வினையால் பிரித்து எண்ணும்போதுதான் நம் கண் காணும் 3 கிடைக்கிறது.

2013இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையே நிரலின் இயல்பான குறியாக்கமாக இருப்பதால், தனி அறிவிப்பு எதுவும் இல்லாமலே மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்கும் வினைகளுக்கும் தமிழில் பெயரிட முடிகிறது. ஒரே வகைப் பொருள்களுக்கு அச்சாக அமையும் வகுப்பின் (கிளாஸ்) பெயர் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி; தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. ஆகவே என் நிரலில் வகுப்பின் பெயர் ஆங்கிலத்திலும், அதனுள் இருக்கும் 'பாக்கி', 'வரவு', 'செலவு' ஆகியவை தமிழிலும் இருக்கின்றன.